நொடிக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர்

முத்துக்கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
செருப்புக்கடைக்கு மேல் மாடி.
பதினோரு வருடமாக
இதே கட்டில், இதே பச்சைத் திரை, இதே ஜெல் பாட்டில்.
"கொஞ்சம் சில்லுனு இருக்கும்" என்பேன்.
மே மாதத்தில் மட்டும்
"இருக்கட்டும்மா" என்பார்கள்.
இந்த ராணிப்பேட்டையில்
வேறெது சில்லென்று கிடைக்கிறது அவர்களுக்கு.

நேற்று வந்தவர் தணிகாசலம், ஐம்பத்திரண்டு,
சிப்காட்டில் தோல் கம்பெனி.
மார்பு முடியில் ரப்பர்க் கிண்ணங்கள்
ஒட்டாமல் வழுக்கி வழுக்கி விழுந்தன.
படுத்ததும் செல் அடித்தது.
எடுக்காதீங்க, ஆடக்கூடாது என்றேன்.
"எடுக்கலன்னா வீட்டுக்கு வந்துடுவாங்கம்மா."
மூன்று கடன். மூன்றையும் பேர் சொல்லிச் சொன்னார்,
பெற்ற பிள்ளைகளைச் சொல்வதுபோல.
அழைப்பு ஓய்ந்தது.
முள் மட்டும் இன்னும்
பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

காகிதம் நொடிக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர் ஓடும்,
யாருக்காகவும் கூட்டாது, குறைக்காது.
ரோஜா நிறக் கட்டங்கள்.
பேர், வயது, பாலினம் எழுத இடமுண்டு.
வட்டி எழுத இடமில்லை.

போன மாதம் ஒரு பையன், கவிநேசன், பதினேழு.
காட்பாடியில் நீட் கோச்சிங், இரண்டாம் தடவை.
விலா எலும்பை எண்ணி எடுக்கலாம்.
"நாலாவது ஐந்தாம் இடைவெளியில வரணும்க்கா,
நீங்க கொஞ்சம் மேல வெச்சிட்டீங்க."
உண்மைதான், வைத்திருந்தேன்.
நூற்றுப் பதினெட்டு.
ஓடி வந்தியா?
இல்லக்கா, அரைமணியா உட்கார்ந்திருக்கேன்.
ஹார்ட்டில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.
ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று
அம்மா சிரித்தபடி படியிறங்கினாள்.
அவன் காகிதத்தை விரித்துப் பார்த்துக்கொண்டே போனான்,
எந்தக் கேள்வியில் மார்க் போனது என்பதுபோல.

மேல்விஷாரம் ஃபர்ஸானாவை மறக்க முடியவில்லை.
தாடை வலி என்றுதான் வந்தாள்.
பல் டாக்டரிடம் போய், வாயு என்று
மூன்று மாதம் ஓமத்தண்ணீர் குடித்து
அதற்கும் பிறகு.
வாரத்துக்கு மூன்று நாள் கணவரை
வேலூருக்கு டயாலிஸிஸ் கூட்டிப்போகிறாள்.
எதைக் கேட்டாலும்
"எனக்கில்ல, அவருக்குத்தான்" என்றாள்.
பிரஷர்? அவருக்குத்தான்.
தூக்கம்? அவருக்கு வர்றதில்ல.
கோட்டில் ஒரு பள்ளம் இருந்தது,
காய்ந்து பழசான பள்ளம்.
எப்போதோ ஒருநாள் வந்து
தட்டிவிட்டுப் போயிருக்கிறது.
டாக்டர் கேட்டார், நினைவிருக்கா, வேர்த்ததா?
யோசித்தாள்.
"ஒருநாள் பஸ்ல வேர்த்துது சார்.
எல்லாருக்கும்தான் வேர்த்துது."

சின்னக்கண்ணுவுக்கு எழுபத்தாறு.
ஒருநாள் முழுக்க இடுப்பில் மெஷின் கட்டி அனுப்பினோம்.
பகலெல்லாம் சாதுவாக நடந்த கோடு
விடிகாலை ஐந்தரைக்குத் துள்ளி எழுந்திருந்தது.
என்ன செய்தீர்கள் ஐந்தரைக்கு?
"படுத்துதான் கெடந்தேன்.
முதல் ஷிப்ட் சங்கு அப்பத்தான்."
அந்தக் கம்பெனி மூடி இருபது வருடம்.
கேட்டில் மரமே முளைத்துவிட்டது.

இன்று சாயங்காலம் சர்வீஸ் பையன் வந்தான்.
ஒயர் மாற்றினான். யாராவது படுங்க மேடம், டெஸ்ட் பண்ணணும்.
யாருமில்லை. நான் படுத்தேன்.
ஜெல் சில்லென்றுதான் இருக்கிறது.
இரண்டு மாதச் சம்பளம் பாக்கி,
மகளின் ஃபீஸ், கடைசித் தேதி,
திரையின் மேல் ஒரு பல்லி.
சரசரவென்று காகிதம் வந்தது.
நாலு துடிப்பு ஒழுங்கு.
ஐந்தாவது முந்திக்கொண்டது.
பிறகு, யாரோ சொல்லவந்து நிறுத்தியதுபோல
ஒரு நீண்ட வெறும் கோடு.
"மெஷின் சூப்பரா இருக்கு மேடம்" என்றான்.

பேர் எழுதும் இடத்தில் டெஸ்ட் என்று எழுதி
மடித்துப் பர்சில் வைத்தேன்.
எட்டு நாற்பது வாலாஜா பஸ்
நகரத் தொடங்கியிருந்தது. ஓடிப் பிடித்தேன்.
இலவச டிக்கெட்டையும் அதே பர்சில் வைத்தேன்.
உட்கார இடமில்லை.
வேர்த்தது.
எல்லாருக்கும்தான் வேர்த்தது.